எப்போது நான் ஆராய்ச்சியாளர் ஆவேன்? ஏற்காட்டு மண்ணோடு மல்லுக்கட்டும் ஒருவருக்கு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு உதவும். சேலத்தில் பி.எச்டி மூன்றாம் வருடம். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களின் மண் பற்றிய ஆய்வு. வாரத்தில் நாலு நாள் கௌரவ விரிவுரையாளர் வேலை, மீதி நாள் மலைக்கும் லேபுக்கும் அலைச்சல். யாராவது ‘என்னம்மா பண்றே?’ என்று கேட்டால் ‘படிச்சிட்டிருக்கேன்’ என்றுதான் வாயில் வருகிறது, ‘ஆராய்ச்சி பண்றேன்’ என்று சொன்னால் ஏதோ பொய் சொல்வது மாதிரி கூசுகிறது. நான் ஒரு ஆராய்ச்சியாளர் என்கிற நினைப்பு எப்போது வரும், தானாக வருமா, நாம்தான் வரவைத்துக்கொள்ள வேண்டுமா என்பது கேள்வி.

நான் ஜியாலஜிக்காரன். கஞ்சமலையிலும், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை அடிவாரத்திலும் கல் தட்டித்தான் என் பி.எச்டி முடிந்தது. இப்போது என்னிடம் சிலர் செய்கிறார்கள். ஆக உங்கள் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் கைடு நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டிலிருந்தும் பார்த்ததைச் சொல்கிறேன்.

கூசுகிறது என்றீர்களே, அந்தச் சொல்லோடு எனக்கும் ஒரு கதை உண்டு. முதல் வருடம் கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு ஊரில், புதுச் சுத்தியலும் புதுத் தொப்பியுமாகப் போய், ‘ஐயா, நான் ஆய்வாளர்’ என்று நல்ல தமிழில் அறிமுகம் செய்துகொண்டேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டார், பாவம். நம் ஊரில் ‘காவல் ஆய்வாளர்’ என்ற பலகையைத்தானே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாள் ‘காலேஜ் பையன்’ என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நினைப்பு முதலில் வந்து, அதன் பின்னால் வேலை வரும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நான் பார்த்தவரை நடப்பது தலைகீழ். ஏதோ ஒரு சின்ன விஷயம், உங்கள் விஷயத்தில் ஒரு பத்துத் தோட்டத்து மண் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிக் கேள்வி வந்தால் உலகத்தில் வேறு யாரையும் கை காட்ட முடியாது, நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்கிற நிலைமை ஒருநாள் வந்து நிற்கும். அன்றைக்கு ஓடாமல் நின்று பதில் சொன்னால் ஆராய்ச்சியாளர். நினைப்பெல்லாம் அதற்குப் பல மாதம் கழித்து மெதுவாக வந்து சேரும், சிலருக்கு வராமலே போகும், அதனால் வேலை கெட்டுவிடுவதில்லை. எனக்கு அந்த நிலைமை ரொம்ப அசிங்கமான முறையில் வந்தது, அதைச் சொன்னால்தான் புரியும்.

கஞ்சமலை இரும்புத்தாது மலை என்பது சேலத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மேக்னடைட், அதாவது காந்தக்கல், குவார்ட்ஸோடு பட்டை பட்டையாகப் படிந்த பாறை. சின்ன வயதில் அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்குப் போகும்போது உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை மண்ணில் புரட்டி, கருப்புத் துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொள்வதைப் பார்த்து விளையாடியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், எம்.எஸ்சி எல்லாம் முடித்து, அதே மலையில் பாறை மடிப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று அளக்கப் போனபோது என்ன செய்தேன் தெரியுமா, காந்த ஊசி வைத்த காம்பஸை எடுத்துக்கொண்டு போனேன். முதல் சீசனில் நாற்பது சொச்சம் அளவுகள். அழகாக வரைபடம் போட்டேன். கைடு பார்த்தார், தலையாட்டினார். டி.சி. மீட்டிங்கில், அதாவது ஆய்வை அவ்வப்போது பார்வையிடும் டாக்டோரல் கமிட்டியின் கூட்டத்தில், ‘வொர்க் நன்றாகப் போகிறது’ என்று கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டாம் வருடம் ஒரு மத்தியானம், ஒரே பாறை விளிம்பில் ஒரு அளவு எடுத்துவிட்டு, வெயிலுக்கு இரண்டு எட்டு தள்ளி நின்று சும்மா மறுபடி எடுத்தேன். முப்பது டிகிரி வித்தியாசம். முதலில் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப எடுத்தேன். ஊசி பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது, வடக்கைப் பார்த்து இல்லை. அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. இந்த ஒரு விளிம்பு மட்டுமா, மொத்த வரைபடமுமா?

பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது, கண்டுபிடிக்கவும் போவதில்லை, அந்த மலையில் வந்து என் அளவைச் சரிபார்க்க எவன் மெனக்கெடுவான்? இந்த நினைப்பு வரத்தான் செய்தது, மறைக்க விரும்பவில்லை. அப்புறம் ஒரு நாள் கைடு அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார், ‘நானும் பார்த்திருக்கணும்’ என்றார், ‘சரி, இப்ப என்ன பண்ணப் போறே?’ என்று கேட்டார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, என்னைக் கேட்டார். அதுவரைக்கும் அவர் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதே கிடையாது, நானும் அப்படி ஒரு கேள்விக்கு இடம் கொடுத்தது கிடையாது.

நாற்பதையும் சிவப்பு மையால் அடித்தேன். டோப்போ ஷீட்டில், அதாவது மேடு பள்ளம் காட்டும் நில வரைபடத்தில், இருக்கிற நிலையான புள்ளிகளைக் குறி வைத்துக் கோணம் எடுப்பது, சூரிய நிழலை வைத்துத் திசை பிடிப்பது என்று பழைய முறைகளைத் தேடிப் படித்து, ஒரு சீசன் முழுக்க மறுபடி ஏறி இறங்கினேன். ஒரு வருடம் போச்சு. வீட்டில் அம்மா ‘போன வருஷம் போன மலைக்கேதான் இந்த வருஷமும் போறியா?’ என்று கேட்டார், நியாயமான கேள்வி. கடைசியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மற்றதையெல்லாம் புரட்டிவிட்டு, ‘மேக்னடைட் மலையில் திசை எப்படி எடுத்தீங்க?’ என்று அதிலேயே பிடித்துக்கொண்டார். இருபது நிமிடம் பேசினேன். ஒரு தடவைகூட ‘சார் சொன்னார்’ என்று வரவில்லை. கைடு பின் வரிசையில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கும் இப்படித் தப்பு நடக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை (நடக்கும், அது வேறு). உங்கள் பேச்சில் ‘சார் சொன்னார்’, ‘மேடம் கொடுத்த டாபிக்’, ‘லிட்டரேச்சரில் இப்படித்தான் இருக்கு’ என்பவை எங்கெங்கே வருகின்றன என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அவை வருகிற இடமெல்லாம் நீங்கள் இன்னும் கை வைக்காத இடம். எல்லா இடத்திலும் கை வைக்க முடியாது, தேவையும் இல்லை, ஆனால் ஒரு இடத்திலாவது ‘நான் பார்த்தேன், நான் சொல்கிறேன், தப்பென்றால் என் தப்பு’ என்று இருக்க வேண்டும்.

இதையே வேறு விதமாகக் காட்ட நம் ஊர்ப் பெயரோடு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. தமிழ்த் துறைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், சயன்ஸ்காரர்கள் நாம் கேட்டிருக்க மாட்டோம். 1880இல் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்டவர், அந்தக் காலத்து அளவில் அதற்கு மேல் ஒரு படிப்பே இல்லை. அப்போது சேலம் இராமசாமி முதலியார் என்பவர் அந்த ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார். மரியாதைக்குப் பார்க்கப் போன ஐயரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அடுக்கினார். எவ்வளவு நீளமான பட்டியல் என்று நமக்கே மலைப்பாக இருக்கும். முதலியார் மலைக்கவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் இவற்றைப் படித்ததுண்டா என்றார். ஐயர் அந்தப் புத்தகங்களைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அப்புறம் முதலியார் சிந்தாமணியின் பிரதி ஒன்றைக் கொடுத்து, எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்று கேட்டார். பாருங்கள், ஒன்றும் தெரியாதவரிடம் போய்ப் பாடம் சொல்லச் சொல்கிறார்! சொல்ல உட்கார்ந்தால் சமண மரபு தெரியாமல் பாட்டு நகரவில்லை. அதுவரை தான் கற்ற வித்தை போதாது என்று தெரிந்ததும் ஐயர் கும்பகோணத்திலேயே இருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார், ஊர் ஊராக ஏடு தேடினார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது 1932இல். முதலியார் வீட்டுச் சந்திப்புக்கு ஐம்பத்திரண்டு வருடம் கழித்து! பட்டம் வந்தால் நினைப்பு வரும் என்று அவர் காத்திருந்தால் நமக்குச் சிந்தாமணி இல்லை.

நான் இதில் திரும்பத் திரும்ப யோசிப்பது முதலியாரைப் பற்றித்தான். அவர் ஆசிரியர் இல்லை, கைடு இல்லை, ஒரு நீதித்துறை அதிகாரி, வாசகர். வெளியாள் ஒருவர் கேட்ட கேள்விதான் நன்றாகப் படித்த மாணவரை வேறொரு ஆளாக மாற்றியது. நம் ஸ்காலர்களுக்கு இப்படி ஒரு வெளியாள் அமைவதே இல்லை. துறைக்குள்ளேயே பேசி, துறைக்குள்ளேயே கைதட்டி, துறைக்குள்ளேயே பயப்படுகிறோம்.

இதைப் படிப்பாக ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். பார்பரா லோவிட்ஸ் என்ற அமெரிக்கர், பி.எச்டியைப் பாதியில் விட்டுப் போனவர்களைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். விட்டுப் போனவர்கள் படிப்பில் மட்டமானவர்கள் இல்லை, முடித்தவர்களுக்குச் சமமானவர்கள்தான் என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. அடுத்தவர் அமைத்துக் கொடுத்த பாடத்தை நன்றாகப் படிப்பது ஒரு திறமை, ஒன்றுமில்லாத இடத்தில் கேள்வியை அமைப்பது வேறு திறமை, முதலாவதில் ரேங்க் வாங்கியவர் இரண்டாவதில் திணறலாம். யுனிவர்சிட்டி ரேங்க்கோடு வந்து என்னிடம் திணறியவர்கள் இருக்கிறார்கள். அரியர் வைத்து எம்.எஸ்சி முடித்து, ஆய்வில் பட்டையைக் கிளப்பியவரும் இருக்கிறார். ஆக, மார்க்கை வைத்து உங்களை எடை போட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தராசைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இருவர் 1991இல் சொன்னது இன்னும் சுவாரஸ்யம். ஒரு தொழிலை ஒருவர் கற்பது மண்டைக்குள் பாடம் ஏறுவது மட்டும் இல்லை, அந்தத் தொழில் செய்யும் கூட்டத்தின் ஓரத்தில் உண்மையான சின்ன வேலையோடு நுழைந்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வருவது என்றார்கள். வர வர ஆளே மாறிவிடுகிறார், தொழிலும் அடையாளமும் சேர்ந்தே வளர்கின்றன என்பது அவர்கள் கட்சி. லேவ் இதற்காகப் பார்த்தது ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் தையல்காரர்களை. அங்கே புதுப் பையனுக்கு முதல் வேலை இஸ்திரி போடுவது, பட்டன் தைப்பது. முடிந்த துணியிலிருந்து பின்னோக்கிப் போகிறான். அப்புறம்தான் தைக்கிறான். துணியை வெட்டுவது கடைசி, ஏனென்றால் பட்டன் தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம், வெட்டு தப்பினால் துணி போச்சு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, புது ஆளிடம் யாரும் முதல் நாளே வெள்ளியை உருக்கச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது நம் பி.எச்டியைப் பாருங்கள். வந்து சேர்ந்த மாணவனிடம் முதல் மாதமே, ‘நல்ல டாபிக்கா ஒண்ணு பிடிச்சிட்டு வா’ என்கிறோம். துணியை வெட்டு என்கிறோம்! பட்டன் தைக்கக் கற்றுத் தருவதே இல்லை. அப்புறம் இவனுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை இல்லை என்று அலுத்துக்கொள்கிறோம். நானும் என் முதல் இரண்டு மாணவர்களிடம் இதே தப்பைச் செய்தேன்.

ஆராய்ச்சியில் பட்டன் தைப்பது என்றால் என்ன? சீனியர் ஒருவரின் கட்டுரை அனுப்பப்படுவதற்கு முன் அதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் மூல நோட்டோடு ஒத்துப் பார்ப்பது. கைடுக்கு மதிப்பீட்டுக்கு வருகிற கட்டுரையை, இதழ் ஆசிரியரின் சம்மதத்தோடு, கூட உட்கார்ந்து வாசித்து, நீங்கள் தனியாக ஒரு கருத்து எழுதி, அவர் எழுதியதோடு ஒப்பிடுவது. அடுத்தவர் எடுத்து வைத்த மாதிரியை (சாம்பிளை) லேபில் அவர் முறைப்படியே ஒரு தடவை ஓட்டி, அவருக்கு வந்த விடை உங்களுக்கும் வருகிறதா என்று பார்ப்பது. இந்த மூன்றில் எதையும் உங்கள் கைடு தரவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள், ‘சார், அந்தப் பேப்பரின் டேபிளை நான் செக் பண்ணட்டுமா?’ என்று. யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், இலவச உழைப்பை யார் வேண்டாம் என்பார்கள். ஆனால் கைடு வீட்டு கரண்ட் பில் கட்டுவது, அவர் பிள்ளையை டியூஷனில் விடுவது இதெல்லாம் பட்டன் தைப்பதில் சேராது. ஓரத்தில் நிற்க வைக்கப்படுகிறோமா, வாசலில் நிற்க வைக்கப்படுகிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கிற ஷோத்கங்கா இணையதளத்தில் நம் பக்கத்து ஆய்வேடுகளும் கிடக்கின்றன. சேர்வராயன் மலை பற்றியோ காபி மண் பற்றியோ ஒன்றை எடுத்து, மேற்கோளுக்காக இல்லாமல் ஒரு சக ஆளாக, பென்சிலோடு படியுங்கள். ‘இங்கே ஏன் பத்து மாதிரி மட்டும்? மழைக்கு முன்னா பின்னா?’ என்று ஓரத்தில் சண்டை போடுங்கள். நாலைந்து படித்தால் பெரும்பாலான ஆய்வேடுகள் மனிதர்கள் எழுதியவை என்று தெரிந்துவிடும். இந்த ஒரு வேலை என் மாணவர்களிடம் செய்த மாற்றம் பத்து ஒர்க்‌ஷாப் செய்யவில்லை.

பேப்பர் விஷயம். ‘ஒரு ஸ்கோபஸ் பேப்பர் வந்துட்டா நானும் ஆராய்ச்சியாளர்னு தைரியமா சொல்லுவேன்’ என்று எழுதியிருந்தீர்கள் (ஸ்கோபஸ் என்பது தரம் பார்த்து இதழ்களைச் சேர்க்கிற ஒரு பட்டியல்). ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்று முன்பு இருந்த கட்டாயத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளில் எடுத்துவிட்டது, உங்கள் பல்கலைக்கழகம் தனியாக என்ன வைத்திருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லை என்பதால் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதத்தான் வேண்டும், ஆனால் உருப்படியான இதழுக்கு. காசு கொடுத்தால் பதினைந்து நாளில் போட்டுத் தருகிற இதழ்கள் உண்டு, முழு ஆய்வேட்டையே எழுதித் தருகிற ‘சர்வீஸ்’ நம் ஊரிலும் உண்டு, எந்த ஜெராக்ஸ் கடையில் விசாரித்தாலும் தெரியும். அதில் போனவர்களை நான் ஒழுக்கம் பேசித் திட்டப் போவதில்லை, ஆனால் நடப்பது இதுதான்: பட்டம் வந்த பிறகும் ஒரு செமினாரில் கை தூக்கிக் கேள்வி கேட்க அவர்களால் முடியாது, கேட்டால் திரும்பக் கேட்பார்களே என்று பயம். அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை என்று யுஜிசியின் 2018 விதி சொல்கிறது. அந்த எண் சாஃப்ட்வேருக்கானது. நீங்கள் எழுதிய பத்தியை உங்களால் நின்று காப்பாற்ற முடியுமா என்று அதற்குத் தெரியாது.

என் முதல் கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டு பக்கம் கருத்துரை. ஒவ்வொரு வரியும் ‘கட்டுரையாளர் இதை விளக்க வேண்டும்’, ‘கட்டுரையாளர் ஏன் இதைக் கருதவில்லை’ என்று போனது. படித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். யாரோ ஒரு ‘கட்டுரையாளர்’ மேல் இவ்வளவு கோபம், அந்த ஆள் நான்தான். எழுதியவன் மாணவனா, ஹாஸ்டலில் தட்டுவடை செட் தின்றுகொண்டு எழுதினானா என்பதெல்லாம் மதிப்பிட்டவருக்குத் தெரியாது. சமமான ஆளிடம் சண்டை போடுவது மாதிரி போட்டிருந்தார். வருத்தம் ஒரு நாள் இருந்தது. அப்புறம், வேடிக்கையாகத்தான் இருக்கும், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல இதழுக்கு அனுப்பித் திருப்பி வாங்குங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

கான்ஃபரன்ஸ், ஓர்சிட் என்கிற, ஆராய்ச்சியாளருக்கான 16 இலக்க அடையாள எண், கூகுள் ஸ்காலர் பக்கம் இதெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. அதோடு விட்டுவிடுங்கள்.

வேலையும் பார்த்துக்கொண்டு ஆய்வும் செய்வதால் ‘நான் முழு ஆராய்ச்சியாளர் இல்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதை அப்படியே விட முடியவில்லை. சி.வி. இராமன் 1907 முதல் 1917 வரை கல்கத்தாவை மையமாக வைத்து நிதித் துறையில் அதிகாரி. ஆபீசுக்கு முன்னும் பின்னும்தான் பௌபஜார் தெருவில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனார், பத்து வருடம். அவர் தன் முதல் கட்டுரையை வெளியிட்டது அதற்கும் முன்னால், 1906இல், சென்னை பிரசிடென்சி கல்லூரியில் மாணவராக இருந்தபோது. பகுதிநேரம் என்பது சம்பளப் பட்டியலில் இருக்கிற சொல். என்ன, நேரம் கிடைக்காது, அது நிஜமான பிரச்சினை, குறிப்பாகப் பெண்களுக்கு. மகப்பேறுக்காக 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம், ஆறு வருட உச்ச வரம்புக்கு மேல் மறுபதிவில் இரண்டு வருடம், பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு வருடம் என்று அதே யுஜிசி 2022 விதியில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதற்குக் கூச்சப்படாதீர்கள். ‘இன்னும் முடிக்கலையா?’ என்று கேட்கிற சித்தி விதிப் புத்தகம் படித்தவர் இல்லை.

‘எல்லோரும் நிஜம், நான் மட்டும் வேஷம், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்கிற பயத்துக்கு 1978லேயே பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ‘இம்போஸ்டர் ஃபினாமினன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் அதைப் பார்த்தது நன்றாகச் சாதித்த பெண்களிடம், தோற்றவர்களிடம் இல்லை. எனக்கு இன்றைக்கும் ஒவ்வொரு வைவாவுக்கு முந்தைய ராத்திரியும் வருகிறது, தேர்வாளராகப் போகும்போதுகூட. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒன்று, சில சமயம் அந்தப் பயம் சரியாகவே சொல்லும். என் காம்பஸ் விஷயத்தில் பத்து நாள் வயிற்றைக் கலக்கியது வெறும் மனப்பிரமை இல்லை, அளவு நிஜமாகவே தப்பு. பயம் வரும்போது ‘நான் தகுதியா?’ என்று கேட்காமல் ‘எந்த எண் மேல் எனக்குச் சந்தேகம்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அதைப் போய்ச் சரிபார்க்கலாம். வரவில்லையென்றால் தூங்கப் போகலாம்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. ஆய்வேடு ஆங்கிலத்தில், டி.சி. மீட்டிங் ஆங்கிலத்தில், யோசிப்பது தமிழில். நம் ஸ்காலர்கள் பலர் தங்கள் ஆய்வை ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்வார்கள், தமிழில் கேட்டால் தடுமாறுவார்கள். ஆங்கிலம் வராதது அதற்குக் காரணம் இல்லை, விஷயம் இன்னும் அவர்களுடையது ஆகவில்லை. எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் கஞ்சமலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. சுத்தியலைப் பார்த்தால் அங்கே எல்லோருக்கும் வருகிற கேள்விதான், ‘சுரங்கம் தோண்டப் போறீங்களா?’ இல்லை என்றேன். ‘அப்ப எதுக்குச் சாமி கல்லைத் தட்டிட்டுத் திரியறே?’ முதல் வருடம் ஒரு மாதிரி சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்தேன். இரண்டாவது தடவை அந்த மலைக்குப் போன சீசனில், அதே அம்மா அதே கேள்வி, பாறையில் கோடு எப்படி வளைந்து மடிந்திருக்கிறது, மடிய எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு சூடு வேண்டும், அந்த ஆழத்தில் இருந்தது எப்படி இங்கே உச்சியில் வந்து நிற்கிறது என்று கால்மணி நேரம் சொன்னேன். கேட்டுவிட்டு, ‘ஏன் இந்தப் பக்கம் மட்டும் அப்படி மடிஞ்சிருக்கு, அந்தப் பக்கம் நேரா இருக்கே?’ என்றார். என்னிடம் பதில் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் அந்தக் கேள்விதான், நன்றியுரையில் அவர் பெயர் போட எனக்குத் தோன்றவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது உங்கள் விஷயம். மூன்று வருடமாக ஏற்காட்டில் தோட்டம் தோட்டமாகப் போய் மண் எடுத்திருக்கிறீர்கள். சில்வர் ஓக் நிழலில் எத்தனை, நிழல் குறைவான இடத்தில் எத்தனை, மேட்டில் எத்தனை, ஓடைப் பக்கம் எத்தனை என்று உங்களுக்கு அத்துப்படி. அமிலத்தன்மை, கரிமச்சத்து எல்லாம் எக்செல் ஷீட்டில் கிடக்கிறது. உங்களை உள்ளே விட்ட தோட்டத்து மேஸ்திரிக்கு இதுவரை ஒரு எண்ணாவது சொல்லியிருக்கிறீர்களா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை என்றுதான் தெரிகிறது. அவருக்கு நீங்கள் வருடத்துக்கு நாலு தடவை பையோடு வந்து மண்ணை அள்ளிக்கொண்டு போகிற காலேஜ் பொண்ணு. அவர் அப்படி நினைப்பதில் தப்பே இல்லை, நீங்களும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்த தடவை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது ஒரு தாள் எடுத்துக்கொண்டு போங்கள். தமிழில், கையெழுத்திலேயே, அந்தத் தோட்டத்தில் நீங்கள் மண் எடுத்த இடங்கள் எவை, ஒவ்வொன்றிலும் பி.எச். எவ்வளவு, காபிக்கு ஆறிலிருந்து ஆறரை வரை இருந்தால் நல்லது என்பார்கள், இந்தப் பாத்தியில் அதற்குக் கீழே இருக்கிறது என்று எழுதுங்கள். உரத்துக்கு யோசனை சொல்லப் போக வேண்டாம், அது உங்கள் ஆய்வு இல்லை. எந்த எண்ணில் உங்களுக்கே சந்தேகமோ அதன் பக்கத்தில் ‘மறுபடி பார்க்கணும்’ என்று போடுங்கள். கீழே உங்கள் பெயர், தேதி. கைடு பெயர் வேண்டாம், ஆனால் கொடுக்கப் போகிறேன் என்று அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மேஸ்திரி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார். போன வருஷம் சுண்ணாம்பு போட்டோமே, அதற்கப்புறமும் ஏன் இப்படி என்பார், இல்லையென்றால் மேல் பாத்தியில் காய் நன்றாகப் பிடிக்கிறது, நீ அங்கேதான் குறைச்சல் என்கிறாய் என்பார். பாதிக் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரியாது. தெரியாது, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு இறங்கி வாருங்கள். அதற்கடுத்த டி.சி. மீட்டிங்கில் முதல் ஸ்லைடாக அதையே போடுங்கள்.